நட்ட கை பிடுங்கிய மரம்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால், மேகம் இறங்கிவந்து புல்லில் படுத்துத் தூங்குகிற ஒரு மலை இருந்தது. அந்தப் புல்லை மேய்ந்து, செங்குத்துப் பாறைகளில் தாவித் திரிந்தன வரையாடுகள்.

அடிவாரத்து ராஜாவிடம் குடுவையான் என்ற மந்திரவாதி ஒரு விதையை நீட்டினான். "மலைமேல் நடுங்கள் மகாராஜா! விறகுக்குப் பஞ்சமே வராது."

"வேண்டாம், மகாராஜா. மரம் மூடினால் ஆடு எங்கே மேயும்?" என்றான் விறகுவெட்டி சடையாண்டி.

"மரம் வேண்டாம் என்கிற விறகுவெட்டியைப் பாருங்கள்!" என்றார் ராஜா. சபையே சிரித்தது.

வெளியேறிய சடையாண்டி பன்னிரண்டு வருசம் அரண்மனைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அந்தச் சிரிப்பை மறக்கவும் இல்லை.

ராஜா தன் கையாலேயே விதையை நட்டார். ஒன்று மூன்றானது, மூன்று முந்நூறானது. மரங்கள் புல்லை மூடின, ஓடைகளை உறிஞ்சின. அந்தத் தண்ணீரெல்லாம் மந்திரவாதியின் குடுவைக்குள் போனது.

சடையாண்டி வெட்டிப் பார்த்தான். ஒன்றை வெட்டினால் மூன்று முளைத்தது. மூன்றை வெட்டினால் ஒன்பது முளைத்தது.

"வெட்டி வெட்டி ஓய்ந்துபோனாயே, அண்ணே!"

புல் மிஞ்சியிருந்த கடைசிப் பாறைமேல் நின்று பேசியது ஒரு பெண்ணாடு, பக்கத்தில் அதன் குட்டி. "நட்ட கை பிடுங்கினால்தான் இது சாகும். ராஜாவைக் கூட்டிவா."

"அவர் முகத்திலா விழிப்பது? மாட்டேன்."

"சரி. எங்களுக்கு இன்னும் மூன்று வாய்ப் புல் இருக்கிறது. உன் கோபம் ஆறும்வரை மெல்ல மெல்லத் தின்கிறோம்."

பசி தாங்காத குட்டி மரப்பட்டையைக் கடித்து, கசந்து, துப்பியது. சடையாண்டி கோடாலியை வீசிவிட்டு நடந்தான்.

"மகாராஜா, வந்து மரத்தைப் பிடுங்குங்கள்."

"பன்னிரண்டு வருசம் கழித்து இதுதானா பேச்சு?"

"வேறு பேச வரவில்லை. ஆடு சாகிறது."

அரண்மனைக் கிணறும் அப்போது வற்றித்தான் கிடந்தது. ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு மலையேறினார்.

தான் நட்ட முதல் மரத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தார், அசையவில்லை. மறுபடி இழுத்தார், வேர் முனகியது. மூன்றாம் தடவை வேரோடு வந்தது! எங்கோ குடுவை வெடித்தது. மந்திரவாதி புகையாய்ப் போனான். மரங்கள் மடமடவென்று சாய்ந்து மண்ணோடு மண்ணாயின. ஓடை மறுபடி பாய்ந்தது, புல் தலைதூக்கியது. குட்டி பாறையிலிருந்து துள்ளிக் குதித்து மேய்ந்தது. சடையாண்டிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"புல்வெளியில் இனி யாரும் மரம் நடக்கூடாது. மண்ணில் கிடக்கிற விதை வருசா வருசம் முளைக்கும். நீங்களே வந்து பிடுங்க வேண்டும்."

"வருகிறேன். என்மேல் கோபம் போயிற்றா?"

"இல்லை. குனியுங்கள், அதோ காலடியில் ஒரு மரக்கன்று."

ராஜா குனிந்தார். வருசா வருசம் வந்து குனிந்தார். மலை நிறைய ஆடு, ஆட்டுக்கெல்லாம் குட்டி!