கஞ்சிச் சாலையும் கயிற்றுக் கொட்டகையும்

முன்னொரு காலத்தில், கடலோரத்துத் தென்னை நாடு ஒன்றை மாவேழன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு.

ஒரு வருஷம் புயல் அடித்து ஊரே வேலையிழந்து நின்றது. ராஜா கஞ்சிச் சாலை திறந்தான். அதைக் கவனித்துவந்தவர் தர்மாதிகாரி வச்சிரநாதர். வரிசையில் வருகிறவர்கள் எல்லாம் தன்னைக் கும்பிட்டுவிட்டுப் போவதில் அவருக்கு அலாதி சந்தோஷம்.

அந்த வரிசையில் நின்ற பெண்களைக் கூப்பிட்டு, தேங்காய் வியாபாரி அலர்மேல் தேங்காய் நாரில் கயிறு திரிக்க ஒரு கொட்டகை போட்டாள். கயிற்றைக் கப்பல்காரர்களுக்கு விற்றாள். பெண்களுக்குக் கூலி போக, லாபத்தில் அவர்கள் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். சாலையில் கும்பிடு குறைந்தது. வச்சிரநாதருக்கு வயிறு எரிந்தது. நேரே ராஜாவிடம் ஓடினார்.

"மன்னா! தர்மத்தின் பெயரைச் சொல்லி வியாபாரம் செய்கிறாள். லாபம் வருகிற இடத்தில் புண்ணியம் ஏது? கொட்டகையை மூடச் சொல்லுங்கள்."

"அப்படியா? மூடு!" என்றான் ராஜா.

மந்திரி இளம்பிறையார் மெல்ல எழுந்தார். "மூடலாம் மன்னா. அதற்குமுன், பசித்தவர்களுக்கு எது வேண்டுமென்று பார்த்துவிடலாமே? நாளை இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கட்டும்."

வச்சிரநாதர் விடுவாரா? மறுநாள் கஞ்சிக்குப் பதிலாக நெய் மணக்கப் பாயசம் வைத்தார். அப்படியும் பெண்கள் கொட்டகைக்கே போனார்கள். ராஜா செங்கமலம் என்பவளை நிறுத்திக் கேட்டான்: "பாயசம் பிடிக்காதா அம்மா?"

"பிடிக்கும் மகாராஜா. ஆனா என் மகளுக்குப் பணியாரம்தான் உசுரு. கையில கூலி இருந்தா, இன்னைக்கு என்ன சாப்பிடலாம்னு அவகிட்டயே கேட்டுக்குவேன்."

ராஜா துள்ளிக் குதித்தான். "பிரமாதம்! சாலையை மூடுங்கள். இனி எல்லோரும் கயிறு திரிக்கட்டும்!"

வச்சிரநாதர் முகம் வெளுத்தது. இளம்பிறையாரோ, "உத்தரவு" என்று சாலைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது அவர் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பின்னால் கை கால் விளங்காத கிழவர் ஒருவரைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள்.

"மன்னா, இவர்களும் கயிறு திரிக்க வந்திருக்கிறார்கள்." குழந்தையை ராஜாவின் மடியில் வைத்தார்.

குழந்தை ராஜாவின் மீசையை எட்டிப் பிடித்து ஒரு இழு இழுத்தது.

"ஐயோ! இவனுக்கு என்ன வேலை கொடுக்க முடியும்?"

"வேலையை ஆரம்பித்துவிட்டானே மன்னா! கொட்டகை வேண்டியவருக்குக் கொட்டகை, சாலை வேண்டியவருக்குச் சாலை என்று உங்களுக்குப் புத்தி சொல்கிறான்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். துறைமுகத்துக்கு வேண்டிய கயிறு முழுவதும் அலர்மேலிடமே வாங்க உத்தரவு போட்டான். சாலையும் திறந்தே இருந்தது. மந்திரிக்கு முத்துமாலை.

"வச்சிரநாதரே, இனி சாலையில் தொட்டிலாட்டுவது உம் பொறுப்பு. புண்ணியம் முழுக்க உமக்குத்தான்!" என்று குழந்தையை அவர் கையில் கொடுத்தான்.

அவர் வாங்கிய மறுகணமே பட்டு அங்கவஸ்திரம் நனைந்தது.