திரையில் நாற்பது

“என் மெஷின் பொய் சொல்லுதுங்க டீச்சர்” என்றான் குழந்தைவேல்.

எமல்டா டீச்சர் நிமிரவில்லை.

“என்னன்னு சொல்லுது?”

“நாற்பது மில்லிமீட்டர் நகருன்னு சொன்னேன். திரையில நாற்பதுன்னு காட்டுது. ஸ்கேல் வச்சா நாற்பது இல்லீங்க. நூலளவு குறையுது.”

“நீங்க அதுகிட்ட என்ன கேட்டீங்க?”

“நகரச் சொன்னேங்க.”

“அது நீங்க சொன்னது. கேட்டது என்னுங்ணா?”

குழந்தைவேல் விழித்தான்.

“போய்க் கேட்டுட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு டீச்சர் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

ஆவாரம்பாளையத்தில் அவருடைய ஷெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் இப்படித்தான் நாலு பேர் வந்து நிற்பார்கள். வீட்டில் சின்ன மெஷினை வாங்கிப் போட்டுக்கொண்டு, அதோடு மல்லுக்கட்டி, தோற்றுப்போய் வருகிறவர்கள். டீச்சர் அவனைவிட வயதில் இளையவர். பாலிடெக்னிக்கில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எவர் வீட்டுக்கும் போகமாட்டார். எவர் மெஷினையும் தொடமாட்டார். கேள்வி கேட்டு அனுப்பிவிடுவார்.

“அந்தம்மா கேள்விக்குப் பதில் சொல்றதுக்குப் புது மெஷினே வாங்கிரலாம்” என்றார் வெளியே நின்ற ஒருவர்.

குழந்தைவேலுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனுடையது மேசைமேல் வைத்து உலோகம் வெட்டுகிற சின்ன மில்லிங் மெஷின். யாரோ பயன்படுத்திக் கழித்தது. படுக்கையறையில் பீரோ இருந்த இடத்தில் அதை வைத்திருந்தான். முன்பு கைச்சக்கரத்தைச் சுற்றித்தான் உலோகத் துண்டைப் பொருத்தும் அதன் டேபிளை நகர்த்த வேண்டும். சக்கரங்களைக் கழற்றினான். பழைய திருகுகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டான். மோட்டார் மாட்டிக் கம்ப்யூட்டரில் இணைத்தான். இப்போது திரையில் எண்ணைத் தட்டினால் டேபிள் தானே நகரும்.

நகர வேண்டும்.

பொழுதுபோக்குக்காகச் செய்த வேலை அல்ல அது. மகள் மகிழினிக்கு ஆறு வயது. இடது காலில் வலு இல்லை. காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிபர் போட்டுக்கொண்டுதான் நிற்பாள். காலிபரில் முழங்காலுக்கு நேராக ஒரு கீல் இருக்கும். வாங்கிப் போட்ட கீல் அவளுக்குப் பெரிது, கனமும் அதிகம். காலை எடுத்து வைப்பதற்குள் பிள்ளைக்கு வியர்த்துவிடும். லேசான உலோகத்தில், அவள் அளவுக்கு, தானே ஒரு கீல் வெட்டிவிட வேண்டும் என்று இறங்கினான். கீலின் இரண்டு பக்கத்துத் துளைகளும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் கீல் இறுகும்.

ஜூனில் பள்ளிக்கூடம்.

“கேட்டிலிருந்து கிளாஸ் வரைக்கும் நானேதான் நடப்பேன். யாரும் தூக்கக் கூடாது” என்று மகி இப்போதே சொல்லிவிட்டாள்.

---

அடுத்த முறை போனபோது குழந்தைவேல் தெம்பாக இருந்தான்.

“பெரிய மோட்டார் மாட்டிட்டேங்க டீச்சர். முன்ன இறுக்கினது போக டேபிள்ல இன்னும் கொஞ்சம் ஆட்டம் இருந்துச்சு. அதையும் துளிகூட இல்லாம இறுக்கிட்டேன்.”

“இப்பச் சரியாச்சுங்களா?”

“இல்லீங்க. முன்னைக்கு இன்னும் மோசம்.”

டீச்சர் சிரித்தார். குத்தலான சிரிப்பு இல்லை.

“எதுக்குங்ணா அவ்வளவு இறுக்கினீங்க?”

“ஆட்டம் இருந்தா கீல் ஆடும். கீல் ஆடினா பிள்ள விழுந்துருவா.”

இதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. டீச்சர் அதைக் கவனித்தார்.

“கையில சுத்திப் பாத்தீங்களா?”

“கைச்சக்கரமெல்லாம் எடுத்தாச்சுங்களே. இப்ப அது கம்ப்யூட்டரே ஓட்டற சிஎன்சி.”

“எடுத்து எங்க வச்சீங்க?”

“பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்.”

டீச்சர் குனிந்து மேசைக்கடியில் துழாவினார். துருவேறிய ஒரு கைச்சக்கரம் கிடைத்தது. ஊதித் துடைத்து அவன் கையில் கொடுத்தார்.

“மோட்டாரைக் கழட்டிட்டு இதை மாட்டுங்க. சுத்திப் பாருங்க.”

“டீச்சர், இதை ஒழிக்கறதுக்குத்தான் இத்தனை பாடு பட்டேன்.”

“தெரியுதுங்ணா.”

டீச்சர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்தான். சக்கரத்தை ஜன்னலோரம் வைத்தான். மாட்டவில்லை. ரோஷம். அன்று மாலையே அவன் மனைவி பிரபா, கோலமாவு காற்றில் பறக்காமல் இருக்க, அதை டப்பாமேல் வைத்துவிட்டாள்.

---

மூன்றாவது முறை அவன் குறை சொல்ல வரவில்லை.

“முடிஞ்சுதுங்க டீச்சர். துளை கொஞ்சம் கோணல்தான். அரத்தால ராவி, எப்படியோ சேத்து மாட்டிட்டேன். அடுத்தது நல்லா வெட்டணும். அதுக்குத்தான் யோசனை கேக்கலாம்னு.”

டீச்சரின் கை நின்றது.

“மாட்டிட்டீங்களா? எதுல?”

“காலிபர்லதான்.”

“காலிபரை?”

“மகி போட்டிருக்கா. ஒரு வாரமாப் போட்டிருக்கா. சும்மா சொல்லக் கூடாது, ஜம்முனு நடக்கறா.”

டீச்சர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். நுண்ணளவு காட்டும் டயல் கேஜ் பெட்டியைத் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“முன்னாடி போங்ணா. நான் பின்னால வர்றேன்.”

ஷெட்டில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“டீச்சர், நான் வந்து ரெண்டு மணி நேரமாச்சு. என்னோட மெஷின்?” என்றார் ஒருவர்.

“உங்க மெஷினை மாட்டிக்கிட்டு யாரும் நடக்கலீங்க” என்றார் டீச்சர்.

---

பிரபா கதவைத் திறந்தாள்.

“வாங்க டீச்சர். பாத்து வைங்க காலை, உலோகச் சுருள் குத்தும். இட்லி மாவுல இருந்து தலகாணி வரைக்கும் இந்த வீட்ல அலுமினியந்தான்.”

“உங்க வீட்டு இட்லிக்குத் துரு பிடிக்காது” என்றார் டீச்சர்.

பிரபா சிரித்தாள். சிரித்து நாளானவள் சிரிப்பது மாதிரி இருந்தது.

உள்ளே மகி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள்.

“நீங்கதான் எங்கப்பாவைத் திட்டி அனுப்பற டீச்சரா?”

“திட்டமாட்டேனே. வெறுமனே அனுப்புவேன்.”

“எங்கம்மா திட்டிட்டு அனுப்பமாட்டாங்க.”

“அது பரவால்லையே. நீ கட்டில்ல உக்காரு கண்ணு. உக்காந்தே பாக்கலாம்.”

மகி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

டீச்சர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். ஜன்னலோரம் போய்க் கோலமாவு டப்பாமேல் இருந்த சக்கரத்தை எடுத்து நீட்டினார். குழந்தைவேல் தலையைச் சொறிந்தான். மோட்டாரைக் கழற்றிச் சக்கரத்தை மாட்டினான்.

“சுத்துங்க.”

நடுவில் டேபிள் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது.

“நல்லாத்தானுங்க போகுது.”

“இன்னும் சுத்துங்க.”

ஓரத்துக்குப் போகப் போகச் சக்கரம் கனத்தது. அவன் கை தானாக நின்றது. கொஞ்சம் அழுத்தினான். முனகிக்கொண்டு நகர்ந்தது. இன்னும் அழுத்தினான். நகரவில்லை.

“இதென்னுங்க, பிடிக்குது?”

“பழைய மெஷின். நடுவுலதான் காலமெல்லாம் ஓடியிருக்கும். நடுவுல தேஞ்சிருக்கும், ஓரம் அப்படியே இருக்கும். நீங்க எங்க வச்சு இறுக்கினீங்க?”

“நடுவுல வச்சு.”

நடுவில் ஆட்டம் போக இறுக்கினால் ஓரத்தில் டேபிளுக்கு மூச்சு முட்டும். மோட்டார் தள்ளிப் பார்க்கும், முடியாது, நழுவும். நழுவியது அதன் கணக்கில் வராது. தள்ளச் சொன்னதை மட்டும் அது எண்ணும். குழந்தைவேலுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. சக்கரத்தைப் பிடித்திருந்த அவன் உள்ளங்கைக்கு அது தெரிந்தது.

“இத்தனை நாளா இப்படியேவா இருந்துச்சு?”

“நீங்க கையை எடுத்ததுல இருந்து” என்றார் டீச்சர்.

டேபிளை இறுக்கும் பக்கவாட்டுத் திருகை அவனே தளர்த்தினான். கொஞ்சம். சுற்றினான். இன்னும் கொஞ்சம். ஓரம்வரை சீராக ஓடியது.

“நடுவுல லேசா ஆடுதுங்களே டீச்சர்.”

“ஆடட்டும்.”

“விழுந்துட்டா?”

“டேபிளா?”

அவன் திரும்பி மகியின் காலைப் பார்த்தான்.

மோட்டாரைத் திரும்ப மாட்டினான். டயல் கேஜை டேபிள்மேல் ஊன்றி வைத்து எண்ணைத் தட்டினான். போனது, வந்தது. கேஜின் முள் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. ஸ்கேலை வைத்தான். திரையும் ஸ்கேலும் ஒன்றையே சொல்லின. மறுபடி தட்டினான். மறுபடியும் அதேதான்.

குழந்தைவேல் குழந்தையாகிவிட்டான்.

“பிரபா! இங்க வா! பாரு! இனிப் பிசகவே பிசகாது. நாளைக்கே புதுக் கீல் வெட்டிடறேன்.”

பிரபா கரண்டியோடு சமையலறை வாசல்வரை வந்து நின்றாள்.

“மகி, எந்திரி தங்கம். டீச்சருக்கு நடந்து காட்டு.”

மகி கட்டிலை விட்டு இறங்கினாள். கதவுவரை போனாள். திரும்பினாள். முதுகு நேராக இருந்தது. திரும்பும் இடத்தில் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

“வலிக்கலையில்ல கண்ணு?”

“இல்லப்பா.”

“பாத்தீங்களா டீச்சர்? கோணல் கீலுலயே இந்த நடை. ஒரு நாள்கூட வலிக்குதுன்னு வாயத் திறந்ததில்ல. நல்ல கீல் போட்டா ஓடிருவா.”

டீச்சர் டயல் கேஜைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“கேட்டாச்சுங்களா?”

“இப்பத்தானுங்களே கேட்டேன்? உங்க எதிர்லயே.”

டீச்சர் பெட்டியை மூடினார்.

“தூக்கத்துல மகி வேற மாதிரி சொல்றா” என்றாள் பிரபா.

குழந்தைவேல் திரும்பினான்.

“என்ன சொல்றா?”

“காலைச் சுருக்கிச் சுருக்கி முனகறா. அம்மா, அம்மாங்கறா. எழுப்பிக் கேட்டா ஒண்ணுமில்லைங்கறா.”

“எங்கிட்டச் சொல்லலையே நீ?”

“ராத்திரி பகல் பாக்காம வெட்டுனீங்க. எப்படிங்க சொல்றது?” பிரபா கரண்டியைக் கீழே இறக்கினாள். “பயமா இருந்துச்சு.”

அடுப்பில் எதுவோ கொதித்துக்கொண்டிருந்தது.

குழந்தைவேல் தன் கையைப் பார்த்தான். எண்ணெய்ப் பிசுக்கு. வேட்டியில் துடைத்தான். தரையில் மண்டியிட்டான். மகியின் முழங்காலில், கீல்மேல், உள்ளங்கையை வைத்தான்.

“இன்னொருக்கா நட சாமி. மெதுவா.”

அவள் நடந்தாள். அவன் முட்டி போட்டபடியே கூட நகர்ந்தான்.

கால் முன்னே போனது. கீல் மடங்கியது. சரியாகத்தான் மடங்கியது.

அடுத்த அடி. மடங்கும் நேரத்தில் அவன் உள்ளங்கைக்கு அடியில் என்னவோ வெடுக்கென்று சுண்டி இழுத்தது. மீன் மாதிரி. உடனே அடங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தான். பிள்ளையின் முகத்தில் அதே சிரிப்பு.

‘வலிக்கலையில்ல?’ என்ற அதே கேள்வி அவன் வாய்வரை வந்தது. விழுங்கினான்.

“எங்க, கண்ணு?”

மகி அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“சொன்னா கழட்டிருவீங்களா?”

“கழட்டுவேன்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“கழட்டிச் சரி பண்ணுவேன். திரும்ப மாட்டுவேன். நீதான் நடந்து போவ. யாரும் தூக்கமாட்டோம்.”

மகி குனிந்து காலிபரைப் பார்த்தாள்.

பிறகு, கீல்மேல் இருந்த அவன் கையை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் கீழே நகர்த்தினாள்.