லோரியோ என்ற பெயர் கப்பலேறிய கதை

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பிரான்ஸ் நாட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. ஓர் ஆளுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். லுவார் நதிக்கரையில் செர்ரித் தோப்புகள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில், வலை பின்னும் மாத்துரேனும் அவன் மனைவி பெரீனும் தங்கள் சின்ன மகள் ஜானுடன் வாழ்ந்து வந்தார்கள்.

கோடை வந்தால் தெற்கேயிருந்து மஞ்சள் பறவைகள் அந்தத் தோப்புகளுக்கு வரும். நம் ஊர் மாங்குயிலுக்கு நெருங்கிய உறவு. அந்த நாட்டார் அதை லோரியோ என்பார்கள். அப்போதெல்லாம் அது வேலியிலும் வாசலிலும் கூச்சமில்லாமல் உட்கார்ந்து பேசும். செர்ரிப் பழங்களையும் தின்னும்.

ஒரு வருடம் பருவம் தப்பிப் பனி விழுந்து, பூவெல்லாம் கருகிப் போயிற்று. பாதிக் காய்கூட மரத்தில் நிற்கவில்லை. மிச்சத்தையும் பறவைகள் தின்றுவிட்டால் ஊர் பட்டினிதான். ஊரார் கூடிப் பேசி, பெரிய வலை ஒன்று பின்னச் சொன்னார்கள். மாத்துரேன் விரல் வெடிக்க வெடிக்கப் பின்னினான். விரித்த அன்றே அறுபது லோரியோக்கள் சிக்கின.

"சாப்பிட்டுவிட்டு வந்து கழுத்தைத் திருகிவிடலாம்" என்று எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். காவலுக்குப் பெரீன் மட்டும் இருந்தாள்.

"அக்கா" என்றது வலைக்குள் ஒரு தாய்ப் பறவை. "கூட்டில் நாலு குஞ்சு வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. விட்டுவிடு."

"விட்டால் எங்கள் பழத்தைத் தின்னாமல் இருப்பீர்களா?"

"இல்லை அக்கா, தின்போம். பசித்தால் வேறென்ன செய்வது? உன்னிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை."

தின்னமாட்டோம் என்று அது சொல்லியிருந்தால் பெரீன் நம்பாமல் எழுந்து போயிருப்பாள். இந்தப் பதிலைக் கேட்ட பிறகு அவளால் போக முடியவில்லை. இடுப்புக் கத்தியை எடுத்து, வலையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுத்தாள்.

ஊர் கொதித்தது. "குளிர்காலத்தில் என் பிள்ளைகள் எதைத் தின்னும், சொல்லு!" என்று பக்கத்து வீட்டுக்காரி அழுதாள். அன்றே அவர்களை ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். கைவண்டியில் சாமான்களையும் மகளையும் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும்போது, "லோரியோ! லோரியோ!" என்று பின்னாலிருந்து கூவினார்கள்.

தாய்ப் பறவை கொஞ்ச தூரம் கூடவே பறந்து வந்தது. "எங்களால் உன் வீடு போயிற்று. இனி எங்கள் இனம் மனிதர் கண்ணில் படாது" என்று சொல்லி, உயரமான மரமொன்றின் இலைகளுக்குள் போய் மறைந்தது.

மாத்துரேன் மூன்று நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தான். நாலாம் நாள், "நான் பின்னிய வலை அது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான்.

"கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்."

"ஆமாம், அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றான். பிறகு வண்டியைத் தள்ளினான்.

போன ஊர்களில் வேலை நிலைக்கவில்லை. வருடம் ஒன்று கழிந்து துறைமுகம் வந்து சேர்ந்தார்கள். தூரத்துத் தீவு ஒன்றுக்குக் குடியேற ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பெயர்?" என்றார் கப்பல் எழுத்தர்.

"மாத்துரேன்."

"காலையிலிருந்து நீ நாலாவது மாத்துரேன். எந்த மாத்துரேன் என்று எழுதுவது?"

வரிசையில் அவர்கள் ஊர்க்காரன் ஒருவன் நின்றிருந்தான். "லோரியோ மாத்துரேன்! இவன் பெண்டாட்டி வலையை அறுத்து ஊரையே பட்டினி போட்டவள்!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எழுத்தர் இறகுப் பேனாவைக் கீழே வைத்தார். "வம்புக்காரர்களை நான் கப்பலில் ஏற்றுவதில்லை."

"அது நாங்கள் இல்லை ஐயா. வலைக்காரன் என்று எழுதுங்கள்" என்று மாத்துரேன் அவசரமாகச் சொன்னான்.

பெரீன் முன்னால் வந்தாள். "நாங்கள்தான் ஐயா. வலையை அறுத்தது நான். ஊர் பசியோடு கிடந்ததும் உண்மை. லோரியோ என்றே எழுதுங்கள். மறைத்துவிட்டுப் போனால், அங்கேயும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று வாழ்நாள் முழுக்கப் பயப்பட வேண்டும்."

"தன் குற்றத்தைத் தானே சொல்பவள் வம்புக்காரி இல்லை" என்றார் எழுத்தர். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் பேனாவை எடுத்து, "மாத்துரேன் லோரியோ, பெரீன் லோரியோ, ஜான் லோரியோ" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். ஏணியில் ஏறும்போது மாத்துரேன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

தீவில் அவர்களுக்கு இரண்டு மகன்கள் பிறந்தார்கள். மூத்தவன் அங்கேயே கரும்பு பயிரிட்டான். இளையவன் கப்பல் தச்சனாகப் புதுச்சேரிக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கினான். அவன் பேரன்களில் ஒருவன் கிழக்கே கடல் கடந்து சைகோன் துறைமுகத்துக்குப் போனான். லோரியோ பறவை இன்றும் இலைக்குள் ஒளிந்துகொண்டுதான் பாடுகிறது. ஆனால் அதன் பெயரைச் சுமந்தவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை. அன்று முதல்தான், அந்தக் குடும்பத்தார் எந்தக் கரையில் இறங்கினாலும், யாரும் கேட்பதற்கு முன்பே "நாங்கள் லோரியோ" என்று சொல்லிவிடுகிறார்கள்.