படி இறங்காத கட்டளை

விண்கப்பலில் கழிவறை கழுவும் மாரிக்கொழுந்து, குளியலறைத் தாழ்ப்பாள் சிக்குகிறது என்று தளபதியிடம் நேரிலேயே சொல்லிவிட்டாள். அவர் வெடித்தார். "மேஸ்திரி, துணைத்தளபதின்னு படிப்படியா ஏறித்தான் உன் பேச்சு எங்கிட்ட வரணும்! நேரா பேச நீ யாருடி?" அவளுடைய அன்றைய சாப்பாட்டையும் நிறுத்தினார்.

மறுநாள் காலை தளபதியே அந்தக் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார். "அடியே, கதவைத் திற! இது கட்டளை!"

பசியில் அவளுக்கு வயிறு எரிந்தது. அதைவிட மனசு எரிந்தது. துடைப்பத்தை ஊன்றி நின்றாள்.

"கட்டளையும் படிப்படியா இறங்கணுமே, ஐயா. துணைத்தளபதிகிட்ட சொல்லுங்க. அவரு மேஸ்திரிகிட்ட சொல்லட்டும்."

"உள்ளே கிடக்கிறவன் அவங்ககிட்ட எப்படிடி சொல்றது?"

"எனக்கென்ன தெரியும்? நேரா பேச நான் யாரு?"

தாழ்ப்பாள் தடதடவென்று ஆடியது; திறக்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து மெல்லக் குரல் வந்தது: "மாரிக்கொழுந்தம்மா..."