முப்பத்தெட்டாம் நூல்

2016 ஆகஸ்ட் 8, காலை பத்து மணி ஐந்து நிமிடம். பட்டியலில் நாற்பத்தொரு நூல்கள். முதல் பக்கத்தின் அடியில் பெயர்: கா. பிச்சாண்டி, எம்.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு.

பிச்சாண்டிக்கு வயது ஐம்பத்தொன்பது. காவல் நிலையங்களில் ரைட்டராக இருபத்தாறு வருடம் எழுதி, ஏட்டாக ஓய்வு பெற்றவர். அவருடைய பேராசிரியர் தமயந்திக்கு நாற்பத்து மூன்று. தமயந்தி அவரை ஏட்டையா என்பார். அவர் தமயந்தியை அம்மா என்பார்.

வகுப்பில் கொடுத்த வேலை இது. 1943-ல் கீழ்வாலம் ஏரி உடைந்ததைப் பற்றி யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று பட்டியல் போட வேண்டும். ஒவ்வொரு நூலின் கீழும் நான்கு வரி. யார் எழுதியது, என்ன சொல்கிறது, எவ்வளவு நம்பலாம், கையில் எடுத்துப் பார்த்த நாள் எது. நான்காவது வரி தமயந்தி சேர்த்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தக் கல்லூரியிலும் அதைக் கேட்பதில்லை.

தமயந்தி தன் அறையில் பட்டியலின் பக்கங்களைப் புரட்டி, முப்பத்தெட்டாம் எண்ணில் நின்றார். ராவ்சாகிப் தாமோதர முதலியார், ‘ஏரி உடைப்பு விருத்தாந்தம்’, வேலூர், 1944. நான்காவது வரி காலியாக இருந்தது.

“நாள் போடலியே, ஏட்டையா.”

“புத்தகம் இல்லம்மா.”

“நம்ம நூலகத்துலயா?”

“உலகத்துலயே.”

பிச்சாண்டி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். சென்னையில் மூன்று நூலகங்களில் தேடியிருந்தார். வேலூரில் அச்சகம் இருந்ததாகச் சொன்ன தெருவுக்கே போயிருந்தார். அந்தத் தெரு 1961-ல் போட்டது. ராவ்சாகிப் பட்டம் வாங்கியவர்களின் அரசிதழ்ப் பட்டியலையும் விடவில்லை. அப்படி ஒரு முதலியார் அதில் இல்லை.

“அஞ்சு ஆய்வேட்டுல இந்தப் பேரு வருது. அஞ்சுலயும் பக்கம் நூத்திப் பன்னெண்டு. சாட்சி அஞ்சு பேரும் ஒரே வார்த்தை சொன்னா, சொல்லிக் குடுத்தவன் ஒருத்தன் இருக்கான்னு அர்த்தம். நானே நிறைய பேருக்குச் சொல்லிக் குடுத்தவன்தான்.”

தமயந்தி சிரிக்கவில்லை.

“அரசாங்கக் கணக்குல செத்தது பதினேழு பேரு. பத்து வருஷம் முன்னாடி ஏரிக்கரையில வெச்ச கல்லுல அறுபத்து மூணுன்னு வெட்டியிருக்கான். அந்த அறுபத்து மூணுக்கு இந்தப் புத்தகம் ஒண்ணுதாம்மா ஆதாரம். எவனோ ஒரு ஃபிராடு உட்கார்ந்து எழுதியிருக்கான். இந்த அஞ்சு பேருக்கும் முன்னாடி ஒருத்தன் இருக்கணும். பழைய ஆய்வேடெல்லாம் உங்க பீரோவுலதான் இருக்காம். தொறந்து விடுங்க, ஆளைப் புடிச்சிடறேன்.”

தமயந்தி எழுந்து பீரோவைத் திறந்தார். தேடவில்லை. கீழ்த்தட்டிலிருந்து தடிமனான ஆய்வேடு ஒன்றை உருவி, கடைசிப் பக்கங்களில் ஓர் இடத்தைத் திறந்து மேசையில் வைத்தார். தாமோதர முதலியார். பக்கம் 112.

பிச்சாண்டி அட்டையைத் திருப்பினார். ஆண்டு 2003. அதற்கு மேலே இருந்த பெயரைப் படித்தார். தமயந்தியைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

“இது உங்க பேராச்சேம்மா.”

“ஆமா.”

பிச்சாண்டி எழுந்து நின்றுவிட்டார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

“உட்காருங்க, ஏட்டையா.”

உட்காரவில்லை.

“கீழ்வாலத்துல செங்கேணின்னு ஒருத்தர் இருந்தார். சுடுகாட்டு வேலை. ஏரி உடைஞ்சப்ப அவருக்கு இருபத்திரண்டு வயசு. பொணத்துக்கு ஒரு புளியங்கொட்டைன்னு பானையில போட்டு வெச்சிருந்தார். 2001-ல என் முன்னாடி கொட்டி எண்ணினார். அறுபத்து மூணு. அரசாங்கத்துக்குக் கிராமக் கணக்கு எழுதின கர்ணம், ஊர்த்தெருவுல செத்த பதினேழு பேரை மட்டும் எழுதினார். சேரிய அவர் எழுதல.”

“அப்ப கணக்கு நெசமா?”

“நெசம்.”

“அப்புறம் எதுக்கும்மா முதலியாரு?”

“என் நெறியாளர் படிச்சுட்டு, ‘வெட்டியான் பேச்செல்லாம் ஆதாரமா? அச்சுல எங்க இருக்கு?’ன்னு கேட்டார். ஒரு வாரம் கழிச்சு, அச்சுல இருக்குன்னு சொன்னேன்.”

“செங்கேணிக்குத் தெரியுமா?”

“அதுக்குள்ள செத்துட்டார்.”

 பிச்சாண்டி மேசை மேலிருந்த பட்டியலைப் பார்த்தார். 

“வருஷா வருஷம் இதே பட்டியலைத்தானே போடச் சொல்றீங்க. எத்தினி பேரு இந்தப் புத்தகத்தைப் பட்டியல்ல சேர்த்திருக்காங்க?”

“பன்னெண்டு வருஷத்துல இருபத்தேழு பேர்.”

“நாலாவது வரி?”

“எல்லாரும் நாள் போட்டிருந்தாங்க. ஒரு பொண்ணு, அட்டை நீலம்னுகூட எழுதியிருந்தா.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“மார்க் போட்டேன்.”

வராந்தாவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் வந்தது. காலடிகள் கடந்து போயின.

“ஸ்டேஷன்ல நான் நாலு விஷயத்தை மாத்தி எழுதினவன்தாம்மா. இல்லன்னு சொல்லல. இங்க அப்படி இருக்காதுன்னு நெனச்சுத்தான் இந்த வயசுல படிக்க வந்தேன்.”



பிச்சாண்டி பேனாவைத் திறந்தார்.

“முப்பத்தெட்ட அடிச்சிடறேன். நாப்பது புத்தகம் போதும். கணக்குதான் நெசமாச்சே, யாருக்கு என்ன நஷ்டம்? வெளிய தெரிஞ்சா உங்க பட்டம் போயிடும். பட்டம் போனா வேலை போயிடும்.”

“அடிக்காதீங்க.”

“வேற என்னம்மா செய்யச் சொல்றீங்க?”

தமயந்தி பட்டியலை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“எழுதுங்க. இப்படி ஒரு ஆளும் இல்ல, இப்படி ஒரு புத்தகமும் இல்ல. சொன்னவர் செங்கேணி, சுடுகாட்டு வேலை, கீழ்வாலம். சொன்னது, அறுபத்து மூணு பேர்.”

பிச்சாண்டி எழுதினார். 

“எவ்வளவு நம்பலாம்னு ஒரு வரி இருக்கேம்மா.”

“செங்கேணிய முழுசா நம்பலாம். அவர் பேரை எடுத்துட்டு முதலியார் பேரைப் போட்டவளை நம்ப வேண்டாம். அவ பேரையும் ஆய்வேட்டுப் பக்கத்தையும் போடுங்க.”

பேனா நின்றது. பிச்சாண்டி தலை நிமிரவில்லை.

“இதை நான்தான் எழுதணுமா? நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்.”

“நான் எழுதித்தான் இப்படி ஆச்சு, ஏட்டையா.”

பிச்சாண்டி அந்தப் பெயரையும் பக்க எண்ணையும் எழுதினார். பட்டியல் அன்று மதியமே துறை அலுவலகத்தில் பதிவானது.

2017 நவம்பர் 20 அன்று பல்கலைக்கழகம் தமயந்தியின் முனைவர் பட்டத்தை ரத்து செய்தது.