தமிழ் கற்ற அரபுக் குதிரை

மருதங்கோட்டை ராஜா விசயரங்க பூபதிக்குக் கப்பலில் ஓர் அரபுக் குதிரை வந்து இறங்கியது. அழகென்றால் அப்படி ஓர் அழகு! குணமோ நேர் எதிர். முதல் நாள் ஏறிய வீரனை வைக்கோல் போரில் எறிந்தது. மறுநாள் ஏறியவனைக் குளத்தில் எறிந்தது. மூன்றாம் நாள் ஏற ஆளே வரவில்லை.

லாயத்து அதிகாரி அதிவீரப்பன் ராஜாவின் முன் கைகட்டி நின்றார்.

"மகாராஜா, நம் பேச்சு இதற்கு விளங்காது. நம் சேணம் இதன் முதுகில் பொருந்தாது. லாடம், கடிவாளம், தீனி எல்லாமே அரபு நாட்டிலிருந்துதான் வரவேண்டும். என் மைத்துனனைக் கப்பலில் அனுப்புங்கள். ஒரு வருஷத்தில் எல்லாம் வாங்கி வந்துவிடுவான்."

மைத்துனனுக்குக் கப்பலேறி ஊர் சுற்ற வெகுநாள் ஆசை. அது சபையில் எல்லாருக்கும் தெரியும்.

ராஜாவுக்கு ஓலை எழுதும் குழைக்காதருக்கு மட்டும் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒரு வருஷமா? நம் கடைத்தெருவில் கிடைக்காத பொருளா மகாராஜா இதெல்லாம்?"

அதிவீரப்பன் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்படியானால் இவரே வாங்கட்டும். இவரே பழக்கட்டும். முப்பது நாள் கழித்து நான் தமிழில் மூன்று கட்டளை இடுவேன். குதிரை கேட்காவிட்டால் என் மைத்துனனோடு இவரும் கப்பல் ஏறவேண்டும்!"

"சரி" என்றார் ராஜா.

குழைக்காதருக்குக் கடலைப் பார்த்தாலே குமட்டும். குதிரையிலோ அவர் ஏறியதே இல்லை.

மறுநாள் காலை அவர் குதிரைமேல் ஏறவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடத்திப் போனார். கொல்லர் வீட்டுச் சம்மட்டிச் சத்தத்துக்கு அது மிரண்டு அவரைத் தெருக்கோடிவரை இழுத்துப் போனது. அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. திரும்ப அதே வாசலுக்குக் கூட்டி வந்தார். நான்கு நாள் குளம்பைத் தொடவிடாமல் அடம்பிடித்த குதிரை, ஐந்தாம் நாள் தானே காலைத் தூக்கிக் கொடுத்தது. கொல்லர் லாடம் அடித்தார். எதிர்வீட்டில் தோல் தைப்பவர் நூல் பிடித்து முதுகை அளந்து, இலவம்பஞ்சு அடைத்துச் சேணம் தைத்தார். கொள்ளு விற்கும் பேச்சியம்மை தினமும் ஒரு கை ஊறவைத்த கொள்ளு கொடுத்து, கழுத்தைத் தடவி அனுப்பினாள்.

'நில்' என்றதும் நின்றால் ஒரு துண்டு கருப்பட்டி. 'வா' என்றதும் வந்தால் இன்னொரு துண்டு. குழைக்காதர் முதலில் அதன் முதுகில் கம்பளி போட்டார். பிறகு சேணம். இருபதாம் நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தார். குதிரை தலையைத் திருப்பி, 'நீதானா?' என்பதுபோல் பார்த்தது. எறியவில்லை.

முப்பதாம் நாள் அரண்மனை மைதானத்தில் ஊரே கூடியது. குழைக்காதர் குதிரைமேல் இருந்தார்.

"வா!" என்றார் அதிவீரப்பன். வந்தது.

"நில்!" நின்றது.

"போ!"

குதிரை அசையவில்லை.

"போ! போ!" என்று கத்தினார். காதை மட்டும் ஆட்டியது.

அதிவீரப்பனுக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீர்களா மகாராஜா? இதற்குத் தமிழ் வரவில்லை!"

"நன்றாக வருகிறது மகாராஜா. அதிகாரிக்குத்தான் வரவில்லை" என்றார் குழைக்காதர். "யாரையாவது 'போ' என்று வழியனுப்புவது நம் வழக்கமா? முப்பது நாளும் கடைக்குக் கடை இதற்கு விடை கொடுத்தார்கள். ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. தாங்கள் முறையாக வழியனுப்பிப் பாருங்கள்."

ராஜா ஒரு கணம் யோசித்தார். பிறகு அன்பாக, "போய் வா" என்றார்.

அவ்வளவுதான். குதிரை காற்றாய்ப் பறந்தது. பாதி வழியில் குழைக்காதரின் தலைப்பாகை தனியே பறந்தது. குதிரை கொடிக்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து ராஜாவின் முன் அடக்கமாய் நின்றது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. குழைக்காதர் கீழே குதித்தார். ராஜா இறங்கி வந்து சேணத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது எங்கே கிடைத்தது?"

"கிழக்குத் தெருவில், மகாராஜா."

"லாடம்?"

"அதற்கு எதிர்வீட்டில்."

ராஜாவின் முகம் சிவந்தது. அதிவீரப்பன் பக்கம் திரும்பினார். "கூப்பிடு தூரத்தில் இருப்பதற்கு ஒரு வருஷக் கப்பலா? என் முன்னால் நிற்காதே! போ!"

அதிவீரப்பன் வெலவெலத்துப் போனார். கால் நகரவில்லை. சிலைபோல் நின்றார்.

"இன்னும் ஏன் நிற்கிறான்?" என்று ராஜா கர்ஜித்தார்.

குழைக்காதர் மெல்லக் குனிந்தார். "கோபிக்காதீர்கள் மகாராஜா. அவரும் தமிழ் தெரிந்தவர்தானே?"

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தன் சால்வையை எடுத்துக் குழைக்காதருக்குப் போர்த்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அதிவீரப்பனிடம் சொன்னார்:

"சரி, போய் வாரும். கிழக்குத் தெரு வழியாகவே போய் வாரும்!"