பார்க்காத கட்டி

“மேடம், நோய் இல்லாத சதைய எதுக்கு வெட்டி எறியுறோம்?”

பேச்சிமுத்து கேட்டேவிட்டான். எலும்புப் புற்றுநோய் அறுவையில் பேர்போன டாக்டர் மெஹருன்னிசாவிடம் பயிற்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்தே நெஞ்சில் கிடந்த கேள்வி.

மெஹருன்னிசா ஸ்கேன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாருக்காக கேக்குற?”

“இசக்கிக்காக.”

இசக்கியம்மாளுக்குப் பதினாறு வயது. கபடிக்காரி. முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பில் கட்டி. காலைத் துண்டிக்காமல், கட்டி பிடித்த எலும்பை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோக எலும்பும் மூட்டும் வைப்பதாக முடிவாகியிருந்தது. மறுநாள் காலை அறுவை.

“மழையில நனைஞ்சா துருப்பிடிக்குமாண்ணே?” என்று அவனிடம் கேட்டிருந்தாள். மருந்தில் முடி கொட்டிய மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, “முடி போனா போகுது. தொடைச் சதைய ரொம்ப எடுத்துராதீங்க. ஓடணும்லா?” என்றாள்.

தலையாட்டிவிட்டு வந்துவிட்டான்.

“படத்துல கட்டி இங்கயே முடிஞ்சிருது மேடம். அத ஒட்டி வெட்டினா பாதித் தசை மிஞ்சும்.”

“ஆமா. படத்துல முடிஞ்சிருது.”

“சதைய விலக்கி நேர்ல பாத்துட்டா?”

மெஹருன்னிசா படத்தை உறைக்குள் போட்டார்.

“சரி. நாளைக்கு நீயே வெட்டு. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

அவன் இதை எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் வெட்டினான். சிவந்த தசை. அதற்கடியிலும் சிவந்த தசை. கட்டி இன்னும் உள்ளே எங்கோ இருந்தது. எவ்வளவு நல்ல தசை இது, இது இருந்தால் ஓடுவாளே என்று மனம் அரித்தது. கத்தி முனையைக் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்தான்.

மெஹருன்னிசா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“எங்க போற?”

“கட்டியோட ஓரத்த ஒரு தடவ பாத்துட்டா...”

“பாத்துட்டா?”

“அத ஒட்டியே வெட்டிட்டுப் போயிருவேன்.”

“எந்தக் கத்தியால?”

“இதே கத்...”

கத்தி முனையைப் பார்த்தான்.

ஓரத்தைத் தேடிக் கட்டியைக் கீறியிருக்கும் கத்தி. அடுத்து அது நல்ல தசையைத் தொடும். அதற்கடுத்து ரத்தக்குழாய் ஓரம் போகும். கட்டியிலிருந்து ஒரு துளி சிந்தினால் போதும், நோய் அங்கேயும் முளைக்கும். அடுத்த முறை இந்த மேசைக்கு அவள் காலைக் கொடுக்கத்தான் வர வேண்டியிருக்கும்.

கத்தியை வெளிப்பக்கம் திருப்பினான். இசக்கி விட்டுவைக்கச் சொன்ன தசைக்குள்ளேயே வெட்டினான்.

எலும்பு வெளியே வந்தது. சுற்றிலும் ஒரு விரல் கனத்துக்குச் சதை போர்த்தியிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தான். எல்லாம் நல்ல சதை.

“கட்டி இதுக்குள்ளதான் இருக்கா மேடம்?”

“உன் கண்ணுல பட்டுச்சா?”

“இல்ல.”

மெஹருன்னிசா நர்ஸ் பக்கம் திரும்பி உலோக எலும்பைக் கேட்டார்.

வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை என்று பரிசோதனை முடிவு வரும்வரை பேச்சிமுத்து நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஆய்வகத்து வாசலுக்கும் வார்டுக்குமாக அலைந்தான். முடிவு வந்த பிறகுதான் இசக்கியின் கட்டிலுக்கு நிமிர்ந்து போனான்.

அவள் வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கோபம்.

“தொடையில பாதியக் காணோம். நீங்கதான் வெட்டுனீங்களாமே?”

“நான்தான்.”

“அந்தச் சனியன் எப்படித்தாண்ணே இருந்துச்சு?”

“பாக்கலையே.”

“பாக்காமலா இம்புட்டு வெட்டுனீங்க?”

“பாக்கக் கூடாதுன்னுதான் இம்புட்டு வெட்டுனேன்.”